மூன்று தலை ராஜா நம் முறையைக் கெடுத்த விவரம்

எட்டுத் திக்கும் புகழ் மணக்கும் என் அண்ணன் மகளுக்கு, அந்தப் புகழைத் தனி ஆளாகச் சுமந்து முதுகு வளைந்த உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நீடிக்கட்டும்.

நீ விரும்பும் பையனின் அப்பாவைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை என் தலையில் வைத்தாய். அவர் அச்சகத்தில் முப்பது வருடம் படம் அச்சடிக்கும் உலோக பிளாக் செய்தவர், வாயைத் திறக்கவே யோசிப்பவர் என்றாய். அப்படிப்பட்டவரை வெறும் சுவரை வைத்துக்கொண்டா வரவேற்பது? பழைய சாமான் கடையிலிருந்து பாதிக் கதவு அளவுக்கு ஒரு ராஜா படம் கொண்டுவந்து ஹாலில் மாட்டினேன். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த அசல். மார்புப் பதக்கங்களை உருக்கினால் ஒரு பாலமே கட்டலாம். வலது மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு பெயர். வேறு யார் பெயரைப் போடப்போகிறார்கள், ராஜா பெயர்தான் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். உன் அப்பா இருந்தால் உண்மையைப் பேசித் தொலைப்பார் என்று அண்ணியோடு கடைக்கு அனுப்பிவிட்டேன்.

பையனின் அப்பா வந்தார், படத்தின் முன் நின்றார். அந்தப் பெயரைச் சொல்லி, எங்கள் கொள்ளுத்தாத்தா, ராஜ்யத்தை விட்டாலும் மூக்கை விடவில்லை பாருங்கள் என்று என் மூக்கைக் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒரு யுகம் பார்த்தார்.

"இது ராஜா பேர் இல்லீங்க. தகடு வெட்டினவர் பேர். ராஜா மாறினா புதுத் தகடு வெட்ட மாட்டாங்க, தலைய மட்டும் சுரண்டிட்டு அடுத்த தலைய வெட்டுவாங்க. இந்த உடம்புக்கு இது மூணாவது தலை."

எட்டிப் பார்த்தேன். போன ராஜாவின் மீசை நுனி இந்த ராஜாவின் காதருகே இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. பதக்கம் வாங்கியது ஒருவர், குத்திக்கொண்டு நிற்பது இன்னொருவர். எங்கள் ஆபீஸ் மேனேஜர்கள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள்.

நான் பின்வாங்குகிற ஆளா? தகடு வெட்டினவர்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா, ராஜா சும்மா எதிரே உட்கார்ந்த ஆள் என்று ஒரே மூச்சில் வம்சத்தை மாற்றினேன். அவர் லென்ஸை மடித்தார். கண் கலங்கிவிட்டது.

"அவரு என் கொள்ளுத்தாத்தாங்க. அப்ப நாம பங்காளியா?"

கட்டிக்கொண்டார் பார், என் எலும்பு நொறுங்கிய சத்தம் ஏழு தெரு தாண்டிக் கேட்டிருக்கும். பிறகு மெல்லப் பிடியை விட்டார்.

"பொண்ணுக்கு நீங்க சித்தப்பா. அப்ப அதுவும் என் பையனும் அண்ணன் தங்கச்சி முறையாச்சே."

டீயைத் தொடாமலே எழுந்து போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பாய். ஒரே மாலையில் ராஜாவையும், ராஜாவை வெட்டினவரையும் பறிகொடுத்தவனிடம் மானத்தையும் கேட்காதே. வேறு நல்ல இடம் பார்ப்போம். நீ பதினாறு அரண்மனைகளில் மாறி மாறி வாழ்வாயாக.

ஆசிகளுடன்,
உன் சித்தப்பா

பின்குறிப்பு: வேறு இடம் பார்க்க வேண்டாம். உறையை ஒட்டுமுன் அவருக்கு போன் போட்டேன். நான் உனக்குத் தாய்மாமன். குழந்தையில் 'மாமா' என்று சொல்ல உனக்கு வாய் வராமல் 'சித்தப்பா' என்று கூப்பிட்டே பழகிவிட்டாய் என்றேன். நம்பிவிட்டார். அந்தக் கணக்கில் உன் அம்மா அவருக்குத் தங்கச்சி முறை, நீ அவர் பையனுக்கு அசல் முறைப்பெண், முழுச் சம்மதம். அண்ணி இன்று முதல் எனக்கு அக்கா. உன் அப்பா இனி என் அத்தான் என்பதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உடம்பு அதேதான், தலையை மட்டும் சுரண்டியிருக்கிறேன்.