பரஞ்சோதி குடித்த தண்ணீர்

தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பைப் பரஞ்சோதி முழுதாகப் படிக்கவே இல்லை. மேலே படத்தில் யோகேந்திரன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான், அது போதும். குழாய் உடைந்திருக்கிறது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று நகராண்மைக் கழகம் சொன்னதைத்தான் அவன் தன் படத்தையும் கட்சிக் கொடியையும் ஒட்டிப் போட்டிருந்தான். பரஞ்சோதி அவனுக்கு எதிரான கட்சியின் கிளைத் தலைவர். குழுவின் அட்மினும் அவர்தான். அழித்தார்.

"தேர்தல் வருதுன்னு பொய் சொல்றான்" என்று ஒரு வரியும் போட்டார்.

எப்படிப் பொய் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவருக்கு ஒரு வழிதான் தோன்றியது. மனைவி பிரேமாவதியிடம் ஒரு கிளாஸ் பைப் தண்ணீர் கேட்டார். அவள் சமையலறையிலிருந்து கொண்டுவந்ததைக் கைத்தொலைபேசிக்கு முன்னால் மடமடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "பைப் தண்ணிதான். எனக்கு என்ன ஆச்சு? பயப்படாதீங்க லா" என்றார். பீடோங் ஊர் முழுக்க அந்தக் காணொளி சுற்றியது.

மறுநாள் நகராண்மைக் கழகத்திலிருந்தே போன் வந்தது. செய்தி உண்மையாம். வியர்த்துப்போன பரஞ்சோதி, யோகேந்திரனின் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தைப் பெரிதாக ஒட்டி அதே அறிவிப்பை அனுப்பினார். அதற்குப் பிறகு யாரும் எதையும் நம்பவில்லை. கொதிக்கவைப்பவர்கள் அவன் கட்சி, வைக்காதவர்கள் இவர் கட்சி என்று தாமானே இரண்டாகப் பிரிந்தது. கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிப் பரஞ்சோதி வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். போன இடமெல்லாம் அவர் காணொளியை அவருக்கே போட்டுக் காட்டினார்கள்.

வாரக் கடைசியில் பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா வயிற்றுப்போக்கில் மருத்துவமனையில் கிடந்தார். பரஞ்சோதி கைகாட்டிய கட்சிக்கே எப்போதும் ஓட்டுப் போடுகிறவர். அவர் கையில் டிரிப்ஸ் ஏறுவதைப் பார்க்கவே பரஞ்சோதிக்குக் கூசியது. மனைவியோடு கட்டிலருகே நின்று, முகத்தைப் பார்க்க முடியாமல், "எல்லாம் என்னாலதான் அக்கா" என்றார்.

"நீங்க என்ன செய்வீங்க தம்பி? அதே தண்ணியத்தானே நீங்களும் குடிச்சீங்க. கல்லு மாதிரி நிக்கிறீங்க. என் வயிறுதான் சரியில்ல."

பரஞ்சோதி தலை நிமிர்ந்தார். அட, தனக்கு ஒன்றுமே ஆகவில்லையே. அப்படியென்றால் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. நகராண்மைக் கழகம் சொன்னால்தான் என்ன, பொய்யன் யோகேந்திரன்தான். இத்தனை நாள் வீணாகக் குன்றிப்போனோமே என்று நினைத்தபடி அடுத்த காணொளிக்குக் கைத்தொலைபேசியை எடுத்தார்.

பிரேமாவதி மெல்ல அவர் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் கொடுத்தது கொதிக்கவச்சு ஆறவச்ச தண்ணிங்க. நீங்க அழிக்கிறதுக்கு முன்னாடியே யோகேந்திரன் போட்டத நான் படிச்சிட்டேன்."