முத்திரை உடையாத கட்டுரை

உண்மையின் விலை பதினொரு ரூபாய் நாலணா. அரக்குச் செலவு தனி.

விலை கூடுதல் என்று அப்போது யாரும் முனகியதில்லை. ஒரு சுமாரான கன்றுக்குட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் அழியாத உண்மை ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? கன்றுக்குட்டி செத்துப்போகும். அச்சில் ஏறிய உண்மைக்குச் சாவு கிடையாது. அப்படித்தான் 1938ஆம் வருஷத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் முழுவதும் பேச்சாக இருந்தது.

உண்மை விற்ற கடையின் பெயர் 'சகல சாஸ்திர பரிசோதினி'. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆராய்ச்சிப் பத்திரிகை. ஆசிரியர், 'வித்யா ரத்னாகரம்' ஆத்மநாதன். இந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், முதல் இதழின் முதல் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். அதற்கு முன்பு அவர் விராலிமலைப் பக்கம் மாட்டுத் தரகு பார்த்தவர். பல்லைப் பிடித்துப் பார்க்காமலே மாட்டுக்கு வயசு சொல்வார். அந்தத் திறமைதான் பிற்பாடு ஆராய்ச்சித் துறைக்கு வந்து சேர்ந்தது.

மற்றப் பத்திரிகைகளில் கட்டுரையை யாரோ ஒரு மனிதர் படித்துவிட்டு நல்லது கெட்டது சொல்வார். மனிதர் தவறலாம் அல்லவா? பரிசோதினியில் அந்த ஆபத்தே இல்லை. இங்கே பரிசோதிப்பவர்கள் மூன்று சித்தர்கள். உடம்பு இல்லாதவர்கள். பெயர் கேட்கக் கூடாது; கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

முறை இதுதான். கட்டுரையாளர் தம் கட்டுரையைத் துணியில் சுற்றி, தம் கையாலேயே அரக்கு வைத்து முத்திரையிட்டு, பௌர்ணமி அன்று அன்னவாசலுக்கு மேற்கே ஒரு குன்றின் குகைக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். கட்டணம் ஆசிரியருடைய காவித் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துப் பேசப்படும். மாட்டுச் சந்தையில் பேசுவது போலத்தான். பதினொன்றே கால் என்பது அடிமட்ட விலை. ஆள் பசையுள்ளவர் என்றால் விரல் கூடும். மறுநாள் விடிந்ததும் பெட்டி திறக்கப்படும். முத்திரை உடைந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு கட்டின் மேலும் மூன்று மஞ்சள் சீட்டுகள் இருக்கும். மூன்று சித்தர்களின் அபிப்பிராயம்.

"அரக்கு அப்புடியே இருக்கு. உள்ள இருந்தத வரி விடாமப் படிச்சிருக்காங்க பாத்தியா" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

முதல் சித்தர் எப்போதும் புகழ்வார். "ஆழ்ந்த ஆராய்ச்சி." இரண்டாவது சித்தர் கொஞ்சம் கறார். "நான்காம் பக்கத்தை விரித்து எழுதுக." மூன்றே பக்கம் எழுதியவர்கள் அங்கேயே உட்கார்ந்து நாலாவது பக்கம் எழுதிச் சேர்த்தார்கள். சித்தர் பார்த்த பக்கம் இல்லாமல் போகலாமா? மூன்றாவது சித்தர் வியாபாரம் தெரிந்தவர். "பரிசோதினியின் முந்தைய இதழ்களை மேற்கோள் காட்டுக." முந்தைய இதழ்கள் ஆசிரியரிடமே கிடைக்கும், தலைக்கு எட்டணா.

இன்னும் இரண்டு ரூபாய் கொடுத்தால் கட்டுரையில் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத மாப்பிள்ளையானாலும் தடையில்லை. பல்லி வலது தோளில் விழுந்தால் பணம் வரும் என்று ஒருவர் நிரூபித்தார். இடது தோளில் விழுந்தால்தான் வரும் என்று இன்னொருவர் நிரூபித்தார். இரண்டும் ஒரே இதழில், அடுத்தடுத்த பக்கத்தில். பல்லிதான் எங்கே விழுவது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

பல்லியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சேவுகன் என்றொரு வைத்தியர் 'கண்புரை சம்ஹாரம்' என்று ஒரு கட்டுரை போட்டார். சுண்ணாம்புத் தெளிவும் எருக்கம்பாலும் சேர்த்துக் கண்ணில் ஊற்றினால் புரை கரைந்துவிடும் என்றார். மூன்று சித்தர்களும் ஆமோதித்தார்கள். அச்சில் பார்த்துவிட்டு முதலில் கண்ணைக் கொடுத்தவன் சோலையப்பன் என்ற குடியானவன். அவனுக்குப் புரை கரைந்தது, கண்ணும் சேர்ந்து. இந்தக் கட்டுரை தப்பு என்று அடுத்த இதழில் ஒரு வரி போடச் சொல்லி அவன் ஆசிரியரிடம் போய் நின்றான்.

"சித்தர் வாக்கத் திரும்ப வாங்குறதுன்னா அதுக்குப் பரிகாரம் இருக்கு. கட்டணம் ரெட்டிப்பு" என்றார் ஆத்மநாதன்.

சோலையப்பனிடம் மிச்சம் இருந்தது ஒரு கண். கட்டணம் இல்லை. திரும்பிவிட்டான்.

இந்த நிலையில்தான் கந்தர்வக்கோட்டையில் எண்ணெய்ச் செக்கு நடத்திய சொர்ணவல்லியிடம், அவருக்குக் கடலை மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரன் மலையாண்டி வந்து ஒருநாள் லீவு கேட்டான். கூடவே அவன் மனைவி செவந்தி. இரண்டு கண்ணிலும் புரை. வருகிற பௌர்ணமிக்கு மறுநாள், குன்றடியில் கூட்டத்துக்கு நடுவே, வைத்தியர் சேவுகன் அவள் கண்ணில் மருந்து ஊற்றிக் காட்டப் போகிறார். பசுமாட்டை விற்றுப் பணமும் கட்டியாகிவிட்டது.

"அச்சுல வந்துருச்சுங்க முதலாளியம்மா. பொய்யின்னா அச்சுல ஏறுமா?" என்றான் மலையாண்டி.

"கள்ள நோட்டும் அச்சுலதான்டா ஏறுது."

செவந்தி மெதுவாகக் கேட்டாள். "இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் ஊத்திப் பாத்தாங்களாக்கா?"

"சோலையப்பனுக்கு ஊத்துனாங்க. போயிருச்சு."

"அது அவன் பத்தியம் தவறிட்டான்" என்று மலையாண்டி குறுக்கே விழுந்தான். "மொச்சக்கொட்ட தின்னுருக்கான். வைத்தியரே சொன்னாரு."

"கண்ணாலயா தின்னான்?" என்றார் சொர்ணவல்லி.

மலையாண்டி அசையவில்லை. பசுவை விற்றவன் அவ்வளவு சீக்கிரம் அசைய மாட்டான். நம்பிக்கையைவிட, அதற்குக் கொடுத்த விலைதான் மனிதனை இறுக்கிப் பிடிக்கிறது. சொர்ணவல்லிக்கு அது தெரியும். அவர் கடலை மூட்டை வாங்கும்போது மேலே இருப்பதைப் பார்க்க மாட்டார். அடிவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். "சரிடா, நானும் வாரேன். எங்கிட்டயும் ஒரு கட்டுரை இருக்கு" என்றார்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை குன்றடியில் எள் போட்டால் எள் விழாது. ஆத்மநாதன் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கட்டாக எடுத்துச் சீட்டுகளைப் படித்தார். சொர்ணவல்லியின் கட்டு வந்தது. மேலே 'தைல சாஸ்திரத்தில் ஒரு நூதன உண்மை' என்று எழுதியிருந்தது. அதன்மேல் எறும்பு சாரை விட்டிருந்தது. ஆசிரியர் ஊதித் தள்ளிவிட்டுப் படித்தார்.

"முதல் சித்தர்: ஆழ்ந்த ஆராய்ச்சி. இரண்டாம் சித்தர்: நான்காம் பக்கத்தை விரித்து எழுதுக. மூன்றாம் சித்தர்..."

"மூணு பேரும் முழுசாப் படிச்சுட்டாங்களாங்க?" என்று கேட்டார் சொர்ணவல்லி.

"வரி விடாமப் படிச்சிருக்காங்க தாயே."

"முத்திரை என்னுதுதானே? உடையலையே?"

"இந்தக் கூட்டமே சாட்சி."

"அப்ப நீங்களே உடைங்க."

உடைத்தார். துணியை விலக்கினார். உள்ளே காகிதம் இல்லை. வட்டமாக, தட்டையாக, எண்ணெய் மணக்க ஒரு கடலைப் புண்ணாக்கு.

அன்று குகையில் உண்மையிலேயே பரிசோதனை செய்தவை எறும்புகள் மட்டும்தான் என்பது கூட்டத்துக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. முத்திரை உடையாததை மூன்று வருஷமாக அற்புதம் என்று கும்பிட்டார்கள். உடையாத முத்திரைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: உள்ளே இருந்ததை யாரும் படிக்கவில்லை.

ஆத்மநாதன் தடுமாறவில்லை. தரகர் அல்லவா? "ஏமாத்தணும்னே கொண்டாந்து வச்சா சித்தரு என்ன பண்ணுவாரு? பொய்க் கட்டுரை குடுத்தது ஒங்க குத்தமம்மா."

"நீங்க தரகு பாத்தவரு. கிழட்டு மாட்டக் காளைன்னு ஓட்டியாந்தா, ஓட்டியாந்தவன் ஏமாத்துவான்னு தெரிஞ்சுதானே தரகருக்குக் காசு குடுக்குறோம்? பல்லப் பாக்காமச் சீட்டு எழுதுனது யாரு?"

கூட்டத்தில் ஒரு பாதி சிரித்தது. மறுபாதி சொர்ணவல்லியின் மேல் பாய்ந்தது. அந்த மறுபாதி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டுரை அச்சேறியவர்கள். ரெங்கராஜ் வாத்தியார் முன்னால் வந்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க. இவரு பொய்யின்னா எங்க கட்டுரையெல்லாம் என்ன ஆவுறது?"

"நீங்க எழுதுனது நெசம்னா, இவரு சொல்லாட்டியும் நெசந்தானே வாத்தியாரே."

வாத்தியார் தம் கட்டுரையை மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் போய் நின்றார்.

வைத்தியர் சேவுகன் மட்டும் மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "சித்தரு பொய்யாவே இருக்கட்டும். மருந்து மெய்யி. இங்கிட்டு வாம்மா செவந்தி."

மலையாண்டி மனைவியின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினான். விற்ற பசு இன்னும் அவன் கைக்குள் இருந்தது. செவந்தி இரண்டடி வந்து நின்றாள்.

"ஒரு சொட்டு ஒங்க கண்ணுல விட்டுக்கங்க வைத்தியரே. பெறகு எனக்கு ஊத்துங்க."

"எனக்குத்தான் புரை இல்லையே."

"புரை இல்லாத கண்ண இது என்ன செய்யும்?"

வைத்தியர் வாயைத் திறக்குமுன் கூட்டத்தின் பின்னாலிருந்து பதில் வந்தது. "என்ன செய்யும்னு நான் சொல்றேன்." சோலையப்பன் வந்துகொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணோடு வருகிறவனுக்குக் கூட்டம் தானாக வழி விட்டது. வைத்தியருக்கு நேரே வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். மலையாண்டி அந்த முகத்தைப் பார்த்தான். கை தானாகச் செவந்தியின் தோளிலிருந்து இறங்கியது.

கிண்ணம் மண்ணில் கவிழ்ந்தது. வைத்தியர் கவிழ்த்தாரா, மலையாண்டி தட்டிவிட்டானா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. செவந்தி திருச்சிக்குப் போய் ஆஸ்பத்திரியில் புரை எடுத்துக்கொண்டாள்.

இனிக் கணக்கு. பரிசோதினியின் வரவு: விற்ற உண்மைகள் எண்பத்திரண்டு, அடிமட்ட விலைக்கே ரூபாய் 922 அணா 8. அதில் திரும்பி வந்தது சொர்ணவல்லியின் பதினொன்றே கால். இந்தக் கணக்கில் சேராத பசு விற்ற பணமும் திரும்பியது. மற்ற எண்பத்தொரு பேரும் கேட்கவில்லை. கேட்டால் ஏமாந்ததை ஒப்புக்கொள்ள வேண்டுமே. புண்ணாக்கு: மாட்டுக்கு வைக்கப்பட்டது. மாடு மூன்று தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயை வைத்தது. அச்சில் வருவதை நம்புமுன் அந்த அளவாவது செய்யுங்கள்.

செவந்தி பேரில் பற்று இல்லை. கண் இரண்டும் வரவு.

சோலையப்பன் பேரில் நிலுவை: இடது கண் ஒன்று. சித்தர்கள் மூன்று பேரும் ஜாமீன். விலாசம் தெரியவில்லை.