இருபது பொக்கற் கோட்டு

இந்த முறை ஒரு கிராம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

தீர்மானம் எடுத்த இடம் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் குளியலறை. என் தீர்மானங்களை எல்லாம் நான் அங்கேதான் எடுப்பது. கதவைத் திறந்தால் வெளியே கனகேஸ்வரி நிற்பாள். அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் அவளுடைய தீர்மானங்கள்.

விஷயம் இதுதான். என் மனைவியின் தங்கை சுபோதினி கனடாவில் இருக்கிறாள். அவளுடைய மகள் யதுஷாவுக்குக் கல்யாணம். நாங்கள் இரண்டு பேரும் ரொறன்ரோ போகிறோம். கல்யாணத்தை நான்தான் படம் பிடிக்கப் போகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கலைஞனை யாரும் கேட்பதில்லை. அவன் தானாகத்தான் வருவான்.

என் திறமையில் சந்தேகம் உள்ளவர்கள், யதுஷாவின் அண்ணன் கார்த்திகனின் கல்யாணத்துக்கு வந்திருக்க வேண்டும். அது இங்கே கொழும்பில்தான் நடந்தது. தாலி கட்டும் நேரம் நான் மணவறையிலேயே ஏறிவிட்டேன். ஐயருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. உள்ளே புகுந்து எடுத்தேன். ஒரு தாலி முடிச்சை அவ்வளவு கிட்ட நின்று எடுத்தவன் உலகத்தில் வேறு எவனும் இருக்கமாட்டான். முடிச்சு மட்டும் கொஞ்சம் கலங்கலாக விழுந்துவிட்டது.

இந்த முறை கலங்க விடுவதில்லை. இரண்டு கமரா, ஐந்து லென்ஸ், ஃபிளாஷ், பற்றறிகள், சார்ஜர்கள், லப்டொப் எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினேன். கனகேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, கடை போடப் போறியளோ?"

"கையில கொண்டுபோற சாமான். விமானத்துக்கை ஆளுக்கு ஏழு கிலோதான் விடுவாங்கள்."

"பெரிய சூட்கேசுக்குள்ள போடுங்கோவன்."

"விசர்க்கதை கதையாதையும். பற்றறியைப் பெரிய பெட்டிக்குள்ள போடக்கூடாது. லித்தியம்! நெருப்புப் பிடிக்கும்."

"லென்ஸும் நெருப்புப் பிடிக்குமோ?"

"லென்ஸ் உடையும். பெட்டியளை அவங்கள் எறியிற எறி உமக்குத் தெரியாது."

"அப்ப என்ர ஏழு கிலோ?"

"அதுவும் எனக்குத்தான் வேணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெரிய சூட்கேஸ்கள் ஏற்கெனவே அவளுடைய ராச்சியம். கூறைச் சேலை, குத்துவிளக்கு, பலகாரம் என்று தொண்டைவரை நிரம்பிக் கிடந்தன. மிச்சம் வைத்திருந்தது அந்தக் கைப்பெட்டி ஏழு கிலோ மட்டும்தான். அதை அவள் பார்சல்களுக்கு என்று மனதில் எழுதி வைத்திருந்தாள்.

பார்சல் என்றால் என்ன என்று வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிற செய்தி பரவ, லிஃப்ட் ஒரு தரம் ஏறி இறங்கினால் போதும். மணி அடிக்கும். திறந்தால் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். கையில் ஒரு "சின்னப் பார்சல்" இருக்கும். அம்மிக்கல்லைவிடச் சின்னது எதுவும் சின்னப் பார்சல்தான்.

முதல் மணியை அடித்தவர் எதிர் ஃபிளாட் சுபாஷினி ரீச்சர். அவருடைய மகனும் கனடாவில்தான்.

"தம்பி, மகனுக்கு ஒரு சின்னப் பார்சல். ஒரு பிடி மோர்மிளகாயும் கொஞ்சம் தூளும்தான். கடைத்தூள் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது."

"ரீச்சர், மன்னிக்கவேணும். நிறை முடிஞ்சுது."

"ஒரு பிடிதான் தம்பி."

"அரைப் பிடிக்கும் இடமில்லை ரீச்சர்."

அவர் முகம் விழுந்தது. பார்சலோடு திரும்பிப் போனார். ஒரு பார்சலை வாசலோடு திருப்பி அனுப்பிய முதல் ஆண் இந்தத் தொடர்மாடியில் நானாகத்தான் இருப்பேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கனகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன் அந்த மௌனத்துக்குப் பயந்திருக்க வேண்டும். நான் அதை வெற்றி என்று நினைத்தேன்.

இரண்டு கைப்பெட்டிகளையும் நிரப்பிப் பார்த்தேன். கமராக்களும் லப்டொப்பும் பற்றறிகளும் போனதுமே ஏழும் ஏழும் நிறைந்துவிட்டன. லென்ஸ்கள் ஐந்தும் வெளியே நின்றன. அப்போதுதான் என் மூளையில் மின்னல் அடித்தது.

பெட்டியைத்தானே நிறுக்கிறான்? ஆளை நிறுப்பதில்லையே!

றிகாஸின் தையல்கடைக்கு ஓடினேன். றிகாஸ் எனக்குப் பதினைந்து வருடமாகக் காற்சட்டை இடுப்பைப் பெருப்பித்துத் தருகிறவர்.

"றிகாஸ், எனக்கொரு கோட்டு. உள்பக்கம் எல்லாம் பொக்கற். இருபது வேணும்."

"இருபதா? என்ன சேர், மெஜிக் காட்டப் போறீங்களா?"

"அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளும்."

தைத்துத் தந்தார். பொக்கற் ஒவ்வொன்றுக்கும் மூடி. ஐந்து லென்ஸையும் என் காலுறைகளுக்குள் போட்டு, காலுறைகளை ஆழமான பொக்கற்றுகளுக்குள் இறக்கினேன். ஃபிளாஷ், சார்ஜர் என்று மற்றப் பொக்கற்றுகளும் நிரம்பின. கோட்டைப் போட்டுக்கொண்டு ஹோலில் நடந்து காட்டினேன்.

"எப்பிடி?"

"கலியாண வீட்டுப் பந்தல் நடந்துவாற மாதிரி இருக்கு," என்றாள் கனகேஸ்வரி. பிறகு கிட்ட வந்து ஒரு மூடியைத் திறந்து பார்த்தாள். "ஆளை நிறுக்க மாட்டாங்களோ?"

"மாட்டாங்கள்."

"கோட்டை?"

"போட்டிருக்கிற உடுப்பை எந்த நாட்டில நிறுக்கிறாங்கள்?"

"அப்ப இதுக்குள்ள என்ன வைச்சாலும் கணக்கில்லை?"

"கணக்கே இல்லை!"

"கெட்டிக்காரன்தான்," என்றாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் வாயால் அந்தச் சொல் வந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டின் நிறையை எப்படிப் பார்ப்பது என்று, கொழுவி நிறுக்கிற என் சின்னத் தராசையும் எடுத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நானாகவே சொல்லிக்கொடுத்தேன்.

பயணம் புறப்படும் அன்று பின்னேரம் விமானம். காலையில் கனகேஸ்வரி சொன்னாள்:

"பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டு வாங்கோ. கடல் தாண்டிப் போறம்."

"நீரும் வாருமன்."

"எனக்கு வீட்டில வேலை கிடக்கு."

போனேன். வெள்ளிக்கிழமை, கோயிலில் நல்ல சனம். தேங்காய் நேர்பாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். சகுனம் யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது எல்லாம் வாசலில் தயாராக இருந்தது. கோட்டைக் கனகேஸ்வரியே பிடித்துப் போட்டுவிட்டாள். பட்டனையும் அவளே பூட்டினாள். தடவிப் பார்த்தேன். காலுறைகள் இருந்த இடத்தில் இருந்தன. நிறையும் அதே நிறை. வான் மட்டக்குளிப் பக்கம் தாண்டுவதற்கிடையில் வான்காரர் மூன்று தரம் தும்மினார்.

"என்ன மணக்குது?" என்று கேட்டேன்.

"சூட்கேசில பலகாரம்," என்றாள் கனகேஸ்வரி.

விமான நிலைய வாசலில் உலோகம் கண்டுபிடிக்கிற சட்டகம் ஒன்று இருக்கிறது. அதற்குள்ளால் அடிமேல் அடி வைத்து நடந்தேன். இவ்வளவு சாமானுக்கும் அது ஊரைக் கூட்டும் என்று நினைத்தேன். அது மூச்சே விடவில்லை. லென்ஸ் கண்ணாடிதானே, அதுதான் காட்டவில்லை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என்னை நினைக்க எனக்கே பெருமையாக இருந்தது.

விமானக் கவுன்டரில் இருந்த பிள்ளை இரண்டு கைப்பெட்டிகளையும் தராசில் வைத்தாள். ஏழு. ஏழு. பிறகு நிமிர்ந்து, வியர்வையில் குளித்துக்கொண்டு கழுத்துவரை கோட்டுப் பூட்டி நின்ற என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், குளிருதா?"

"கனடா குளிர். இப்பவே பழகிறன்."

கனகேஸ்வரி மறுபக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கெட்டித்தனத்தில் மயங்கிப் போய்ச் சிரிக்கிறாள் என்று எண்ணினேன்.

கடைசிச் சோதனையில்தான் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். தட்டில் வைத்தேன். அது மெஷினுக்குள் போனது. பட்டி நின்றது. பின்னால் போனது. திரும்ப முன்னால் வந்தது. ஒரு இளம் உத்தியோகத்தர் கோட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனார். என்னைக் கூப்பிட்டார். முதலாவது காலுறையைப் பிடித்து உருவினார். உள்ளே பொலித்தீன் பை. அதற்குள் சிவப்பாக ஏதோ.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்கிறார்.

எனக்கே அது என்னவென்று அறிய ஆசையாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தூள். தூளுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று மூளையைக் கசக்கினேன். கிடைத்துவிட்டது.

"குடு!" என்றேன் உரக்க.

போதைத்தூளுக்கும் அதுதான் பெயர். கொழும்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆட்கள் சமையலை நினைப்பதில்லை, சிறையைத்தான் நினைப்பார்கள். விமான நிலையத்தில் கேட்கவே வேண்டாம். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் ஒரு அடி பின்னுக்குப் போனது. இன்னும் இரண்டு உத்தியோகத்தர்கள் எங்கிருந்தோ முளைத்தார்கள்.

"மிரிஸ் குடு, மல்லி, மிரிஸ் குடு!" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு கனகேஸ்வரி பாய்ந்து வந்தாள். "மிளகாய்த்தூள் தம்பி. இவருக்குச் சிங்களம் அரைகுறை."

உத்தியோகத்தர் பையைத் திறந்து முகர்ந்தார். தும்மினார். மற்ற இருவரும் முகர்ந்தார்கள். அவர்களும் தும்மினார்கள். அதைவிட நல்ல அத்தாட்சி வேறு ஏது? பிறகு ஒவ்வொரு காலுறையாக உருவினார்கள். மோர்மிளகாய். வடகம். காய்ந்த பனங்கிழங்கு ஒடியல். என் பெரிய லென்ஸ் இருந்த நீளக் காலுறைக்குள் அதே நீளத்தில், அதே பருமனில், பாயாகக் காயவைத்துச் சுருட்டிய பனம்பழப் பினாட்டு. சின்னப் பொக்கற்றுகளில் பெருஞ்சீரகமும் வெந்தயமும். சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் திரும்ப வைத்துத் தந்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கனகேஸ்வரியை ஒரு கதிரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ர லென்ஸ் எங்கை?"

"பத்திரமா இருக்கு."

"எங்கை?"

"அரிசி வாளிக்குள்ள. கடல்காத்து ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், அரிசிக்குள்ள வைச்சா ஈரம் இழுக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அப்ப இந்தப் பெட்டியளுக்குள்ள நான் காவிற பதினாலு கிலோ?"

"கமரா. பற்றறி. லித்தியம்," என்றாள் பவ்வியமாக. "அதுகளில நான் கை வைக்கேல்லை. நெருப்புப் பிடிச்சிடும்."

"லென்ஸ் இல்லாத கமராவால நான் கலியாணத்தை எப்பிடி எடுக்கிறது?"

அவள் ஃபோனை எடுத்து ஒரு குரல்பதிவைப் போட்டாள். யதுஷாவின் குரல், கனடாத் தமிழில்:

"பெரியம்மா, ப்ளீஸ். பெரியப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. கமராவை மட்டும் விட்டிட்டு வாங்கோ. அண்ணாட வெடிங் அல்பத்தில தாலி கட்டுற எல்லாப் படத்திலயும் பெரியப்பாட முதுகுதான் இருக்கு. அண்ணி இன்னும் அழுறா."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன். மடியில் கோட்டு இருந்தது. அது காரமாக மணத்தது.

ஃபோன் அவளுடைய கைப்பைக்குள் போனது. பிறகு கனகேஸ்வரி மெல்லச் சொன்னாள்:

"அதுக்காக மட்டும் இல்லை. முப்பது வருசமா ஆரின்ர கலியாணத்துக்குப் போனாலும் நான் தனியத்தான் படத்துக்கு நிக்கிறன். 'அவர் வரேல்லையோ?' எண்டு சனம் கேக்குது. நீங்கள் எங்கையோ கதிரைக்கு மேல ஏறி நிப்பியள். இந்த ஒரு கலியாணத்திலயாவது எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ."

கோட்டை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டேன். கண் கலங்கியது. மிளகாய்த்தூள் காரணம் என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், மிளகாய்த்தூள் இல்லை.

ரொறன்ரோவில் கோட்டைக் கழற்றியதும் சுபோதினி அதைக் கட்டிப்பிடித்தாள். என்னைப் பிறகுதான். "அத்தான், லென்ஸை விட்டிட்டு எங்களுக்காகத் தூள் சுமந்து வந்திருக்கிறியள். எவ்வளவு பெரிய மனசு!" ரீச்சரின் மகன் வந்து என் கையைப் பிடித்துக் கண்கலங்கினான். நான் வாசலோடு திருப்பி அனுப்பிய பார்சல், பின்கதவால் வந்து என்மேலேயே ஏறியிருக்கிறது. அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

கல்யாணத்தில் கனகேஸ்வரிக்குப் பக்கத்தில் நின்றேன். தாலி கட்டியதை முதன்முதலாக இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கலங்காமல் தெரிந்தது. படமும் எடுத்தார்கள். கனகேஸ்வரி அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. நான் எடுத்திருந்தால் ஒளியைக் கொஞ்சம் குறைத்திருப்பேன்.

லென்ஸ்கள் ஐந்தும் இன்னும் அரிசிக்குள்தான் இருக்கின்றன. ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை. கோட்டைத்தான் வீட்டில் காண முடிவதில்லை. றிகாஸிடம் கொடுத்துக் கனகேஸ்வரி அதன் கைகளிலும் பொக்கற் வைத்துவிட்டாள். தொடர்மாடியில் யார் பறந்தாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். நேற்றும் மணி அடித்தது. திறந்தேன். சுபாஷினி ரீச்சர், கையில் ஒரு சின்னப் பார்சல்.

"தம்பி, கோட்டு அடுத்து எப்ப போகுது?"

இந்த வருடம் அது லண்டனுக்கே இரண்டு தரம் போய் வந்துவிட்டது. நான் இன்னும் வீட்டு முன்னால் ஓடும் காலி வீதியைக்கூடத் தாண்டவில்லை.