எனக்கு நானே ஊதிக்கொண்ட சங்கு

சங்கு ஊதியாகிவிட்டது என்றால் மற்ற ஊர்களில் யாரோ ஒருவர் கதை முடிந்தது என்று அர்த்தம். எங்கள் கும்மிடிப்பூண்டியில் அப்படி அவசரப்பட்டு அழ ஆரம்பித்துவிடக் கூடாது. ஒரே மூச்சில் நீளமாக ஊதினால் கம்பெனியில் ஷிப்ட் மாறுகிறது, அடுப்பில் உலை வைக்கலாம். ஏறி ஏறி இறங்கினால் எங்கோ வாயு கசிகிறது, அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். ஈரத்துணியால் மூக்கைப் பொத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார், திறந்த வெளிக்குப் போ. தொழிற்பேட்டையில் ஒத்திகை மேல் ஒத்திகை நடப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இது அ, ஆ படிப்பதற்கு முன்பே அத்துப்படி.

இவ்வளவும் தெரிந்த நான்தான், பள்ளி ஆண்டு விழாவில் அந்த இரண்டாவது சங்கை ஒலிபெருக்கியில் ஊதினேன். அதுவும் நல்ல எண்ணத்தில்!

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஊரடங்கு காலத்தில் கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்யக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குத் தலை கால் புரியவில்லை. நான் செய்த விளையாட்டில் ஒரு கேள்வி வரும், நாலு பலூன் பறக்கும். சரியான விடை எழுதிய பலூனை மவுஸால் பிடித்து இழுத்துக் கூடையில் போட்டால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு. ஓரத்தில் என் போட்டோ சிரித்துக்கொண்டிருக்கும். (யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன்.)

ஏழாம் வகுப்பில் பவானி என்று ஒரு பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரியபாளையத்து பவானி அம்மனிடம் வேண்டிப் பிறந்ததால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் மூட வைக்கவும் அந்த அம்மனே நேரில் வர வேண்டும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு அவள் பள்ளி லேப்டாப்பில் வெளுத்துக் கட்டுவாள். என் விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

ஹெட்போனைக் கழற்றினாள். "இன்னா டீச்சர் இது? 'படம், படம், படம், பொத்தான், படம்'னு சொல்லிக்கினே கீது. இன்னா படம்னு சொல்ல மாட்டேங்குது. டிக்கெட்டு குடுத்து உள்ள வுட்டுட்டு ஸ்கிரீன மூடிட்ட மாதிரி கீது."

எனக்குச் சுருக்கென்றது. தலைமையாசிரியை மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"பக்கத்துல ஒரு பொண்ண ஒக்கார வெச்சி, காதுல சொல்லச் சொல்லுங்க டீச்சர். முடிஞ்சிது" என்றார்.

கூடவே வந்திருந்த பவானி கேட்டாள்: "அப்போ வெளையாடறது அவளா, நானா மேடம்?"

மேடம் நல்லவர்தான், பயந்த சுபாவம். பவானியை எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டார், யாராவது இடித்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று. ஆண்டு விழாவில் அவள் கடவுள் வாழ்த்துப் பாடுவாள், கடைசியில் கூப்பிட்டு ஆறுதல் பரிசு கொடுப்பார்கள். "கலந்துக்காத போட்டிக்கு இன்னாத்துக்கு டீச்சர் ஆறுதலு? எங்க ஊட்ல சோப்பு டப்பா மட்டும் எத்தினி கீது தெரியுமா?" என்று என்னிடம் பொருமுவாள்.

கடைசியில் மேடம் ஒரு வழிக்கு வந்தார். "ஆண்டு விழால வெச்சிப் பாப்போம். நல்லபடியா நடந்துச்சின்னா இனிமே எல்லாப் போட்டியிலயும் பவானி உண்டு. ஏடாகூடமா ஏதாவது ஆச்சு, அப்புறம் கடவுள் வாழ்த்தோட நிறுத்திக்கணும். என்னக் கேக்கக் கூடாது."

பவானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இன்றும் நினைவிருக்கிறது.

மொத்தத்தையும் பிரித்து மறுபடி கட்டினேன். பலூனைத் தூக்கினேன், என் போட்டோவையும் மனமில்லாமல் தூக்கினேன். கேள்வியும் விடைகளும் குரலில் வரும். மவுஸ் வேண்டாம், ஒன்று முதல் நாலு வரை எண்ணை அழுத்தினால் போதும். யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்களுக்கு வாய்ப்பு. விளக்குக்குப் பதில் சத்தம். விடை சரியென்றால் என் குரலில் "சபாஷ்!" தப்பென்றால் குக்கர் விசில். (பவானி: "விசிலு வந்தா பசிக்குது டீச்சர். பரவால்ல, இருக்கட்டும்.") நேரம் முடிந்தால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வைத்திருந்தேன். அது காதிலேயே விழவில்லை என்றாள். யாரும் கவனிக்காமல் விட முடியாத சத்தமாகப் போடுகிறேன் பார் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றியதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

விழாவுக்கு முந்தின நாள் என் கணவரின் போனைத் துழாவினேன். அவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் கன்ட்ரோல் ரூமில் வேலை செய்கிறார். 'சவுண்டு' என்ற பெயரில் ஒரு பதிவு இருந்தது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பக் கூடாதே என்று (பாருங்கள் என் கரிசனத்தை) ஒலியை அடியோடு குறைத்து வைத்துக் கேட்டேன். கொசு ராகம் இழுப்பது போல இருந்தது. வித்தியாசமாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிட்டேன்.

விழா நாள். பந்தல் நிறைய ஜனம். சிறப்பு விருந்தினர் என் கணவரின் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. பள்ளிக்கு லேப்டாப் வாங்கித் தந்தவர்களே அவர்கள்தான். பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். மேடையில் நாலு பிள்ளைகள், நாலு லேப்டாப். பவானிக்குப் பக்கத்தில் வகுப்பில் முதலாவதாக வரும் யுவராஜ். முதல் கேள்வி பவானிக்கு. "சபாஷ்!" இரண்டாவது யுவராஜுக்கு. "சபாஷ்!" என் குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது, நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

மூன்றாவது கேள்விக்கு யாருக்கும் விடை தெரியவில்லை. நேரம் முடிந்தது.

ஊ... என்று ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

அடுத்த நொடி பந்தல் எழுந்து நின்றது. கத்தல் இல்லை, கூச்சல் இல்லை. பழகிய ஜனம் அல்லவா! தண்ணீர் பாட்டிலைத் திறந்து துண்டு, துப்பட்டா, முந்தானை எல்லாவற்றையும் நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் பாய்ந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி பொன்னாடையை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, "காத்து மேற்க அடிக்குது! எல்லாரும் இந்தப் பக்கம்!" என்று கையைக் காட்டினார். மேடத்தின் ஒரு செருப்பு பந்தலிலேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தைப் போட்ட நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? ஓடினேன். முன்வரிசை ஆட்களை முந்திக்கொண்டு ஓடினேன்.

மைதானத்தில் மேடம் மூச்சு வாங்கக் கேட்டார்: "பசங்க எல்லாம் வந்தாச்சா?"

"வந்தாச்சு மேடம்" என்று நான்தான் சொன்னேன்.

அதிகாரி தொழிற்சாலைக்குப் போன் போட்டார். எடுத்தது என் கணவர். "எந்த யூனிட்ல லீக்கு?" என்று இவர் கத்த, "இங்க ஒண்ணும் இல்ல சார். நாஷ்டா துன்னுக்கினு கீறோம்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

அப்போது பந்தலின் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கேள்வி நான்கு. இலைகள் பச்சையாக இருக்கக் காரணம் என்ன?" கொஞ்சம் அமைதி. பிறகு என் குரல்: "சபாஷ்!"

பவானி! ஐயோ, பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட்டேனே!

ஈரமான முந்தானையோடு உள்ளே ஓடினேன். காலி நாற்காலிகளுக்கு எதிரே மேடையில் அவள் மட்டும் உட்கார்ந்து ஐந்தாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களுமா டீச்சர் ஓடுனீங்க?" என்றாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிச்சிக்கோம்மா, மன்னிச்சிக்கோம்மா என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"அழாதீங்க டீச்சர். எனக்கும் மொதல்ல திக்குனுச்சி. அப்புறம் பாத்தா சங்கு நம்ம ஸ்பீக்கர்ல ஊதுது. அதுவும் இல்லாம நடுவுல உங்க ஊட்டுக்காரர் 'டேய், ஹெல்மெட்ட மாட்றா'ன்னு கத்துனாரு. டெய்லி உங்கள வண்டில கொண்டாந்து வுடறவரு கொரலு எனக்குத் தெரியாதா?"

அந்தப் பதிவு கம்பெனி ஒத்திகையின்போது அவர் எடுத்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் ஐந்தாவது கேள்விக்கு நேரம் முடிந்து, சங்கு மறுபடி ஊதியது. வெளியே திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் மறுபடி ஓடியது.

ஊதியது எங்கள் ஸ்பீக்கர்தான் என்று நான் மைக்கில் சொல்லி, ஒருவழியாக எல்லோரும் உள்ளே வந்தபோது மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "போதும் டீச்சர். அடுத்து டான்ஸ் போட்டுடுங்க. பவானிம்மா, நீதான் ஜெயிச்ச. பரிசு வாங்கிக்கோ."

"வேணாம் மேடம்." பவானி எழுந்து நின்றாள். "ஓடிப் போனவங்கள ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா? அவங்கள வந்து ஒக்காரச் சொல்லுங்க. நான் ஓடல, விழல, நல்லாத்தான கீறேன்? ஏடாகூடம் பண்ணது நானா, டீச்சரா?"

பந்தலே என்னைப் பார்த்தது. நான் கையைத் தூக்கினேன்.

அதிகாரி பொன்னாடையைப் பிழிந்துகொண்டே சிரித்துவிட்டார். "மேடம், பதறாம ஒக்காந்து இருந்தது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். மொதல்ல இருந்து நடத்துங்க. சங்கை மட்டும் எடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மேடம் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, ஒக்காரு" என்றார்.

வேறு கேள்விகளோடு மறுபடி ஆரம்பித்தோம். நேரம் முடிந்தால் மேடமே மைக்கில் "முடிஞ்சிது" என்றார். பவானியும் யுவராஜும் கடைசிக் கேள்வி வரை சமமாக வந்தார்கள். கடைசிக் கேள்விக்கு யுவராஜின் விரல் முந்திக்கொண்டது. "சபாஷ்!"

பவானி எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கினாள். "தோத்துட்டேன் டீச்சர்! நெஜமாவே தோத்துட்டேன்!" என்று குதித்தாள். பந்தல் எழுந்து கை தட்டியது. அவள் அம்மா கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். யுவராஜ் குழப்பத்தோடு என்னிடம் வந்து, "டீச்சர், ஜெயிச்சது நான்தான?" என்று கேட்டான்.

மேடம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அந்த வருஷத்திலிருந்து எல்லாப் போட்டியிலும் பவானி பெயர் உண்டு. என் கணவர் கேரம் விளையாடித் தோற்றால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார், "நெஜமாவே தோத்துட்டேன்!" வந்த விருந்தாளி யாராக இருந்தாலும் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லாமல் காபி கொடுக்க விட மாட்டார்.

பவானி இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். போன வாரம் போன் செய்தாள், குரலில் சுரத்தே இல்லை. என்னம்மா ஆச்சு என்று பதறிக் கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது டீச்சர், ஒரே பேஜாரு. குவிஸ்ல மறுபடியும் நான்தான் ஃபர்ஸ்ட்டு. நம்மளத் தோக்கடிக்க இந்த ஸ்கூல்ல ஒரு ஆளு கூட இல்ல."