சோடா செய்த பாவம்

தருவைகுளத்துக் கடற்கரையில் அந்த வாரம் வலைகள் ஓய்ந்தன, வள்ளங்கள் ஓய்ந்தன, மூச்சு மட்டும் ஓயவில்லை. ஓலைப் பந்தலின் முன்னே கூடிய வரிசை ஐஸ் கம்பெனியைச் சுற்றிக்கொண்டு சாலைவரை நீண்டது. 'உன் மூச்சே உன் சாட்சி' என்று முழங்கியது பிளக்ஸ் பலகை. அதன் கீழே, காணிக்கையைக் கைபேசியில் செலுத்த வசதியாகக் கட்டம் போட்ட ஓர் அட்டையும் தொங்கியது. அருள் இக்காலத்தில் சில்லறை கேட்பதில்லை.

பந்தலுக்குள் வீற்றிருந்தவர் மூச்சானந்த அடிகள். எந்த மதத்தையும் புண்படுத்தாதவர். எந்த மதத்தாரின் பணத்தையும் புறக்கணியாதவர்.

அவருடைய வித்தை எளியது. கண்ணாடித் தம்ளரில் கால்வாசிக்குப் பளிங்குபோல் தெளிந்த 'பாவமறி தீர்த்தம்' ஊற்றித் தருவார். வந்தவர் ஜூஸ் குழலால் அதில் ஊத வேண்டும். சற்று நேரத்தில் நீர் அரிசி கழுவிய தண்ணீராய் வெளுக்கும். "கண்டாயா, உன்னுள் உறைந்த பாவத்தை!" என்பார் அடிகள். காணிக்கை கனமாக இருந்தால் மேலும் ஊத அனுமதி உண்டு. ஊத ஊத, வெண்மை கரைந்து நீர் மறுபடி தெளியும். அதற்குள் ஊதியவருக்குத் தலை சுற்றும். அதற்கு அருள் இறங்குதல் என்று பெயர். இறுதியில் அடிகள் தம்முடைய பித்தளைச் செம்பில் தாமே ஊதிக் காட்டுவார். அது வெளுத்ததே இல்லை.

"சாமி, மீனுக்குப் பாவம் உண்டா?" என்று ஒருவர் ஐயம் எழுப்பினார்.

"மீன் மூச்சு விடுவதில்லை. ஆதலால் அது பாவமற்ற பிறவி" என்று அருளினார் அடிகள்.

நாள்தோறும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, பிடித்தது இன்றா நேற்றா என்று தீர்ப்புச் சொல்கிற ஊர் அது. அன்றைக்குத் தன் வாயைப் பிளந்து தலையாட்டியது.

அவ்வாறு தலையாட்டியவர்களுள் முதல்வர் சம்மாட்டி வில்பிரட். கடலடியில் சங்கு பொறுக்கும் வள்ளம் ஒன்றுக்கு உடைமையாளர். அவருடைய வள்ளத்தில் இஞ்சினால் ஓடும் கம்ப்ரசர் ஒன்று உண்டு. அது அடித்தனுப்பும் காற்றை நீண்ட குழாய்வழி வாயில் வாங்கிக்கொண்டுதான் குளியாட்கள் ஆழத்தில் வேலை செய்வார்கள். அந்தக் கம்ப்ரசரை இஞ்சினின் புகைக்குழாய்க்கு அருகிலேயே இருத்தி, காற்றிழுக்கும் குழாயை ஒரு முழத்தோடு முடித்துக்கொண்டவர் அவர். செலவு மிச்சமானதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

கொஞ்ச காலமாக அவருடைய குளியாட்கள் தலைவலி, குமட்டல் என்று கரையேறினார்கள். போன வாரம் ஆன்டனி கடலடியிலேயே மயங்கிவிட்டான். கயிற்றை இழுத்துத் தூக்கியதால் உயிர் தப்பியது. நான்கு குளியாட்களில் மூச்சு வலியவன் அவனே. அவன் மயங்கினால் அதற்குத் தெய்வக் குற்றமன்றி வேறென்ன காரணம் இருக்க முடியும்? வில்பிரட் அவனைப் பந்தலுக்கு இழுத்து வந்தார்.

"மூச்சை அடக்கி ஊது" என்றார் அடிகள். மூச்சடக்குவது ஆன்டனிக்குப் பிழைப்பு. நெஞ்சு நிறைய வாங்கி, வரிசை அலுத்துப்போகும்வரை அடக்கி, பிறகு ஊதினான். தம்ளர் பாலாயிற்று.

அடிகள் எழுந்தே விட்டார். "இவ்வளவு விரைவில் வெளுத்த மூச்சை யாம் கண்டதில்லை! இவனை ஏற்றிச் செல்லும் வள்ளத்தைக் கடல் பொறுக்காது."

வில்பிரட்டுக்கு வியர்த்தது. கூடவே உள்ளுக்குள் ஓர் ஆறுதலும் பிறந்தது. குற்றம் வள்ளத்தில் இல்லை, ஆளில் இருக்கிறது. வள்ளத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். ஆளை மாற்ற ஒரு சொல் போதும்.

"ஏலே ஆன்டனி, திங்கக்கிழமை நீ வராண்டாம்ல. வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

இந்த வள்ளம் விலக்கிய ஆளை இனி அந்தக் கரையில் எந்த வள்ளமும் ஏற்றாது. அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"யாரு அண்ணாச்சி அவுகள வராண்டாம்னு சொன்னது?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் ஆன்டனியின் மனைவி விஜிலா. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்.

"ஏளா விஜிலா, சாமி சொல்லுதாரு. தம்ளரப் பாரு, எப்படி வெளுத்திருக்குன்னு."

"வெளுக்காம என்ன செய்யும்? அறிவியல் பரிச்சைக்கு முந்துன நாளு வந்தா, இந்தப் பாடத்தத்தாம் அத்தன பிள்ளைகளும் எங்கிட்ட பொடிசாக்கி ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போவுதுவ, சட்டைக் கைக்குள்ள ஒளிக்க. படம் போட்டுருக்கும் அண்ணாச்சி. தம்ளரு, குழலு, ஊதுத ஆளு. சாமி மட்டுந்தாம் அதுல கிடையாது."

கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது.

"பெண்ணே, அவிசுவாசம் நாக்கை அழுகச் செய்யும்" என்றார் அடிகள்.

"அழுகட்டும் சாமி. நீங்க இந்தத் தம்ளர்ல ஒருக்கா ஊதுங்க. ஒங்க செம்புல வேண்டாம், அதுல வெறுந் தண்ணி கெடந்தா யாருக்குத் தெரியும்?"

அடிகள் மறுத்தார். வரிசை முணுமுணுத்தது. காணிக்கை செலுத்திய கூட்டத்தின் முணுமுணுப்பு பொல்லாதது. குழலை வாயில் வைத்தவர் கன்னத்தை உப்பினார், ஊதவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடித் தியானத்தில் ஆழ்ந்தார். முகம் சிவந்தது, காது சிவந்தது. ஆனால் அவர் ஆன்டனி அல்லரே! புஸ்ஸென்று விட்டார். ஆன்டனியின் தம்ளரைக் காட்டிலும் அழகாக வெளுத்தது.

"உங்கள் பாவங்களையெல்லாம் யாம் சுமக்கிறோம். அதன் வெண்மையே இது!"

பதில் நேர்த்தியானதுதான். சிலர் கைகூப்பவும் தொடங்கினார்கள். விஜிலா அடிகளின் மேசைமேல் அவர் குடித்து மீதி வைத்திருந்த கோலி சோடாவை எடுத்தாள். புதிய தீர்த்தத்தில் சில சொட்டு விட்டாள்.

வெளுத்தது.

"சாமி, இந்தச் சோடா யார் பாவத்தச் சுமக்குது?"

மீதியையும் ஊற்றினாள். நீர் தெளிந்தது.

"ஏலே, சோடாவுக்கு அருள் இறங்கிட்டுல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கூவியது. பந்தல் குலுங்கியது.

மீன்காரர் ஒருவர் சைக்கிள் பம்பை நீட்டினார். விஜிலா அதன் குழாய் நுனியைப் புதிய தீர்த்தத்துக்குள் விட்டுத் திரும்பத் திரும்ப அடித்தாள். குமிழி வந்ததே ஒழிய வெண்மை வரவில்லை. "இந்த ஊர்ல புண்ணியஞ் செஞ்சது பம்பு ஒண்ணுதாம்" என்றாள். "இது தீர்த்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிப்பிச் சுண்ணாம்பக் கரச்சுத் தெளிய வச்ச தண்ணி. நாம விடுத மூச்சுல கரியமில வாயு கெடக்கு. அது பட்டா வெளுக்கும், மேல மேல பட்டா வெளுப்பு கரஞ்சு தெளியும். ஆடு ஊதுனாலும் வெளுக்கும், அடிகளாரு ஊதுனாலும் வெளுக்கும். அடக்கி ஊதுனா வாயு கூடும், வெரசா வெளுக்கும். மீனும் செவுளு வழியா அதத்தாம் தண்ணிக்குள்ள விடுது. சோடாவுல அடைக்கதும் அதே வாயுதாம்."

பந்தலின் பின்புறம் போய்வந்த ஒருவர், அங்கே சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கியிருப்பதாக அறிவித்தார். அதுவரை செந்தமிழன்றிப் பேசியறியாத அடிகள், "ஏலே, பணப்பைய எடுத்துட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணுல!" என்று சீடருக்கு உபதேசித்தார். காவி பறந்தது. காணிக்கையைத் திருப்பிக் கேட்டு வரிசையும் பின்னால் பறந்தது.

வில்பிரட் மட்டும் நின்றார். "அப்பம் இவன் மயங்குனது எதுக்குளா?"

விஜிலா ஒரு போத்தல் தீர்த்தத்தையும் ஒரு தம்ளரையும் கையில் எடுத்தாள். "வாங்க, வள்ளத்துக்குப் போவோம். இஞ்சின ஓட்டுங்க."

இஞ்சின் ஓடியது. குளியாள் வாயில் கவ்வும் குழாய் நுனியை அவள் தம்ளரில் ஊற்றிய தீர்த்தத்துக்குள் விட்டாள். வில்பிரட் மாதாவை வேண்டிக்கொண்டே குனிந்து பார்த்தார். பம்பு அடித்தபோது தெளிவாகவே நின்ற அதே நீர், அவர் கண்ணெதிரே பாலாக வெளுத்தது.

"ஒங்க கம்ப்ரசரு புகையக் குடிக்குது அண்ணாச்சி. புகையில கரியமில வாயுவோட, மணமும் நெறமும் இல்லாத விஷ வாயு ஒண்ணும் சேந்து வரும். அதத்தாம் இவுக கடலுக்கடியில குடிச்சிருக்காவ."

ஆன்டனி சம்மாட்டியைப் பார்த்தான். சம்மாட்டி புகைக்குழாயைப் பார்த்தார். அதன் அருகே ஒரு முழத்தில் நின்ற தம் சிக்கனத்தைப் பார்த்தார்.

"மாதா கோயில்ல ஒரு பூசைக்குக் குடுத்துரட்டுமா?" என்றார் மெல்ல.

"குடுங்க, நல்லதுதாம். புகை எட்டாத எடத்துல இருந்து காத்து இழுக்க நீளக் கொழாயும் வாங்கிப் போடுங்க. அதுக்குப் பொறவு திங்கக்கிழமை அவுக வருவாவ."

குழாய் வந்தது, புகைக்கு எதிர்ப்புறம், உயரத்தில் ஏறியது. மறுபடி வைத்துப் பார்த்த தம்ளர் வெளுக்காமல் நின்றது, திங்கட்கிழமை ஆன்டனியும் இறங்கினான். கரையேறியவன் தலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். வலி இல்லை.

படைத்தவன் மூச்சைக் கூலி கேளாமல் தந்தான். மூக்குக்கு மேலே அறிவையும் அவ்வாறே தந்தான். இரண்டில் மூச்சை மட்டும் யாரும் நிறுத்துவதில்லை, நிறுத்தினால் திணறும் என்பதால். சிந்திப்பதை நிறுத்தினால் எதுவும் திணறுவதில்லை. ஆகவே பலர் நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். அவர்கள் இன்றே தொடங்கலாம். காணிக்கை இல்லை.