ரைட் சைடு சாரின் இடது பக்கம்

சட்டையில் எதை எந்தப் பக்கம் குத்த வேண்டும் என்பதற்காக ஊர் முழுக்கச் சண்டை போட்ட ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில்தான் இருந்தார். காலனியில் அவருக்குப் பெயர் ரைட் சைடு சார். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் பயன்பட்டது.

ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சுதந்திர தினம், குடியரசு தினம், ஈஸ்டர், கிறிஸ்துமஸ், யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் வலது மார்பில் ஒரு வெள்ளி மெடலோடு வந்து நிற்பார். கருநீல ரிப்பன், நடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு பட்டை, கீழே வெள்ளைக்கார ராஜாவின் தலை. பார்க்கிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். “சார், மெடல் பக்கம் மாறிப்போச்சு” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அவர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருப்பதே அதற்காகத்தான்.

ஒருமுறை நானும் அவரும் தாம்பரம் போக ஆட்டோவில் ஏறினோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இன்னா சார், பேட்ஜு எடம் மாறி கீது?” என்று கேட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வாங்கினவன் குத்தினா இடது பக்கம். வாங்கினவர் செத்துப்போய், அவரோட ரத்த சொந்தம் குத்தினா வலது பக்கம். பட்டாளத்து முறை. இது எங்க அப்பாவோடது” என்று ஆரம்பித்தார் சார்.

கேம்ப் ரோடு வருவதற்குள் டிரைவருக்கு மெடலின் முழு வரலாறும் தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரன் தன் சிப்பாய்க்கு ஒரு மெடலும் நம் சிப்பாய்க்கு வேறொரு மெடலும் வைத்திருந்தான். இது நம் ஆட்களுக்கானது. பெயர், இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல். பர்மா சண்டையில், ஆற்றங்கரையில் குண்டு பறந்துகொண்டிருந்தபோது, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து தண்ணீரைக் கடந்ததற்காக அவர் அப்பாவுக்குக் கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரன் கிளம்பினான், இந்த மெடலையும் நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த சக்ரா விருதுகள் எல்லோருக்கும் தெரியும். இதன் பெயர் சொன்னால், “மாரத்தான்ல குடுத்ததா சார்?” என்பார்கள். டிரைவர் அப்படிக் கேட்கவில்லை. தாம்பரத்தில் இறங்கும்போது மெடலுக்கு ஒரு சல்யூட் வைத்தார். சார் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

காலனி செகரட்டரி மட்டும் மசியவில்லை. சுதந்திர தினத்தன்று வெள்ளைக்கார ராஜாவை மார்பில் வைத்துக்கொண்டு தேசியக் கொடிக்குக் கீழே நிற்பது நியாயமா என்று கொடியேற்றக் கூட்டத்திலேயே கேட்டார். நாங்கள் அடிதடியை எதிர்பார்த்தோம். சார் நிதானமாக மெடலைத் திருப்பி, ராஜாவின் முகம் சட்டைப் பக்கம் இருக்கும்படி குத்திக்கொண்டார். “இன்னிக்கு ஒரு நாள் அந்தாளு என் நெஞ்சைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து எல்லா ஆகஸ்ட் பதினைந்துக்கும் ராஜாவுக்கு அந்தத் தண்டனை தொடர்ந்தது.

நான் அவருக்கு அடுத்த வீடு. ஒரு நண்பனின் கல்யாணத்துக்குக் கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பும்போது, ஒரு பந்தாவுக்காக அந்த மெடலை இரவல் கேட்டேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் கோட்டு தானாகக் கழன்றுவிடும் போலிருந்தது.

“ரத்த சொந்தத்துக்குத்தான் வலது பக்கம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு எந்தப் பக்கமும் கிடையாது.”

முறை, முறை என்று இவ்வளவு பேசிய மனிதருக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. அது எங்களுக்கெல்லாம் தெரியும். பட்டாளத்தில் சேர அவர் இளவயதில் பலமுறை போய் வரிசையில் நின்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளங்காலில் வளைவு இல்லையாம். அறுபதைத் தாண்டிய பிறகும், குளித்துவிட்டு வந்ததும் ஈரக்காலைச் சிமெண்ட் தரையில் பதித்துப் பார்ப்பார். தடம் முழுசாக, தோசைக் கரண்டி மாதிரி விழும். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், “இனிமே வளைஞ்சா மட்டும் கூப்பிடவா போறான்?” என்று சொல்லிக்கொண்டே துடைத்துவிடுவார்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். “அப்பா பக்கம் நிறைஞ்சிருக்குப்பா. என் பக்கம்தான் காலியா இருக்கு.” சொல்லிவிட்டு இடது பாக்கெட்டைத் தடவிக்கொண்டார். இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. ஏரி உடைந்ததா திறந்தார்களா என்று இன்றும் வாதம் நடக்கிறது. காலையில் எழுந்தபோது காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் எல்லோரும் மாடியில். பள்ளத்தில் இருந்த தரைத்தள வீட்டில் செகரட்டரி மட்டும் மாட்டிக்கொண்டார். கனத்த சரீரம், நீச்சல் தெரியாது. டைனிங் டேபிள் மேல் ஏறி நின்று, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் டேபிளைத் தொட்டுவிட்டது. படகு வருகிறது, வருகிறது என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

திடீரென்று பார்த்தால் சார் தண்ணீரில் நிற்கிறார். தெருமுனை சமையல் கான்ட்ராக்டரின் பிரியாணி அண்டாவைத் தள்ளிக்கொண்டு போகிறார். அக்கா மாடியிலிருந்து கத்துகிறார். சார் திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு கட்டி நானும் பின்னால் இறங்கினேன். தெருவெல்லாம் சேறு. எனக்கு ஒவ்வோர் அடிக்கும் கால் புதைந்தது. அவர் மட்டும் போய்க்கொண்டே இருந்தார். தட்டைப் பாதம் சேற்றில் புதையாது என்று பிற்பாடு எங்களுக்கு வகுப்பே எடுத்தார்.

செகரட்டரியை அண்டாவுக்குள் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உட்கார்ந்தபின் அண்டாவின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி. அவர் அசைந்தால் மூவரும் காலி. சார் கழுத்தளவு தண்ணீரில் அண்டாவைப் பிடித்தபடி, “மூச்சைக் கொஞ்சமா விடுங்க சார், பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல” என்று குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே வந்தார். செகரட்டரி கண்ணை மூடிக்கொண்டு சகல தெய்வங்களையும் கூப்பிட்டார். கரையேறியதும் சாரைக் கட்டிக்கொண்டு அழுதார். சாரின் பாக்கெட்டில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அப்பாவின் மெடல் இருந்தது.

அடுத்த குடியரசு தினத்தில் கொடியேற்றி முடித்ததும் செகரட்டரி மைக்கில் சாரை மேடைக்குக் கூப்பிட்டார். முன்னேற்பாடு எதுவும் இல்லை. காலனி விளையாட்டு விழாவில் மீந்துபோன மெடல்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்து வந்திருந்தார். பித்தளை முலாம். பின்னால், ‘எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம், இரண்டாம் பரிசு.’

சார் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதைப் படித்தார். முறை தவறியவர்களை அவர் விட்டுவைத்ததே இல்லை. செகரட்டரி அவசரமாக ஊக்கைத் திறந்து, பழக்கதோஷத்தில் வலது பக்கம் கொண்டுபோனார். சார் அவர் கையைப் பிடித்தார்.

“அந்தப் பக்கம் இல்ல சார். இந்தப் பக்கம்.”

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லா விசேஷத்துக்கும் வலது பக்கம் பர்மாவும் இடது பக்கம் எலுமிச்சைப் பழமுமாகத்தான் வந்தார். ஈரக்காலைத் தரையில் பதித்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டதாக அக்கா சொன்னார்.

போன வருடம் சார் போய்ச்சேர்ந்தார். தூக்கத்திலேயே, சிரமமில்லாமல். பிள்ளைகள் கிடையாது. அப்பாவின் மெடல், முறைப்படி, கோயம்புத்தூரிலிருந்து வந்த தங்கை மகனிடம் போனது. எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு, எலுமிச்சை ஸ்பூன் மெடலைக் கையில் வைத்தார்.

“உனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாரு. எந்தப் பக்கம்னு நான் கேட்டேன். அவனுக்குத் தெரியும்னாரு.”

இந்த ஆகஸ்ட் பதினைந்தன்று வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அதைக் குத்திக்கொண்டு கொடிக்கம்பத்தடியில் போய் நின்றேன். கீழ்க்கட்டளையிலிருந்து புதிதாகக் குடிவந்திருக்கும் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

“அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. மெடலை வலது பக்கம் குத்தியிருக்கீங்க.”

“ஆமாம் தம்பி” என்றேன். “எனக்கு அந்தப் பக்கம்தான்.”