வசனம் அண்ணையும் பாண் வானும்

பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல் ஒரு முழுப் பிரெஞ்சுப் படத்தைத் தமிழாக்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரோடு நான் ஒரே அறையில் ஒன்றரை வருடம் இருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிசில், லா ஷோ-து-ஃபோன் என்ற மலை நகரத்தில் ஒரு பழைய விடுதி. அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்த யாழ்ப்பாணத்துப் பெடியள் நாங்கள் பத்துப் பேர். அவர் பதினோராவது. வயது நாற்பத்தாறு. பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவர் வசனம் அண்ணை.

முடிவு வரும்வரை அங்கே இருக்க வேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லை. வெளியே பனி. சித்திரையிலும் பனி. உள்ளே ஒரு தொலைக்காட்சி. அது பிரெஞ்சு மட்டும் பேசியது.

அண்ணை அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். திரையில் வாய் அசைந்தால் இவர் வாயும் அசையும்.

வானிலை சொல்ல ஒரு பெண் வந்தாள்.

"அண்ணை, உந்த மனிசி என்ன சொல்லுது?"

"'சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். வெளியால போய் விழுந்தால் என்னட்டை வராதேங்கோ' எண்டுது."

கேட்டது யோகன். எங்களில் இளையவன், வாயாடி. சிரித்துக்கொண்டே சிகரெட் வாங்கப் போனான். படியிலேயே விழுந்தான். அன்றிலிருந்து அண்ணைக்கு மதிப்புக் கூடியது.

சமையல் நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு பேர் கோழி வெட்டினார்கள். அண்ணை அதைச் சம்பந்தம் பேசுவதாக மாற்றினார். கோழி அடுப்பில் ஏறும்போது கலியாணம் குழம்பிவிட்டது. எங்களுக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

பல் வைத்தியரிடம் எனக்குத் துணையாக வந்தார். வைத்தியர் எதையோ தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"நோகாது எண்டுறார், தம்பி. தலையை ஆட்டு."

ஆட்டினேன். நல்ல பல் போனது. திரும்பி வரும்போது அண்ணை சொன்னார்: "ஆனால் நோகேல்லைத்தானே?"

விடுதிக்குப் பொறுப்பாக ஒரு மதாம் இருந்தாள். புருசன் செத்த மனிசி. நல்லவள். ஒருநாள் வீட்டிலிருந்து பழைய வீடியோ டெக் ஒன்றும் ஒரே ஒரு படக் கொப்பியும் கொண்டுவந்து தந்தாள். சிறையில் இருந்து தப்பி ஓடும் ஒருவனின் கதை. அடிதடி, துப்பாக்கி, மோட்டார் சைக்கிள். நீளக் கோட்டுப் போட்ட ஒரு இன்ஸ்பெக்டர் முடியும்வரை துரத்துவார். கைதி அழுக்குத் துணி ஏற்றும் வான் வண்டிக்குள் ஒளித்துச் சிறையை விட்டு வெளியே வருவான். பாலத்தில் இருந்து ரயில் மேல் குதிப்பான். கடைசியில் பனிமலை ஏறி எல்லையைக் கடப்பான்.

வேறு படம் இல்லை. ஆகவே அதையே பார்த்தோம். இருபது தரமாவது இருக்கும். எங்களுக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு தரமும் அண்ணை வசனத்தை மாற்றினார். ஒரு ஞாயிறு இன்ஸ்பெக்டர் கைதியின் அக்கா புருசன். அடுத்த ஞாயிறு இரண்டு பேருக்கும் காணிச் சண்டை.

"நில்லடா! கொக்காவின்ரை முகத்துக்காகத்தான் சுடாமல் நிக்கிறன்!"

"அத்தான், வேலியை எங்கடை பக்கம் நீங்கள்தானே அரக்கினனீங்கள்!"

கைதி எல்லைக்கு வரும்போது நாங்கள் எல்லோரும் எழும்பிக் கை தட்டுவோம்.

"உவன் சுவிசுக்கெல்லோ வாறான்," என்பான் யோகன். "இங்கை வந்து அசூல் அடிக்கப் போறான்."

"விடமாட்டாங்கள். கேஸ் காணாது," என்பான் இன்னொருவன்.

ஒரு இடத்தில் மட்டும் அண்ணை வசனம் சொல்லமாட்டார். குறை சொல்லுவார். கைதி வானில் இருந்து குதித்து ஓடும் இடம்.

"பொய். குதிச்ச உடனை இப்பிடி ஓட ஏலாது. கால் வேலை செய்யாது."

"ஏன் அண்ணை, நீங்கள் ஓடிப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

சிரித்தோம்.

பிறகு அவருக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அந்த நாளில் ஒரு பழக்கம் இருந்தது. போகமுதல் கேஸை, அதாவது ஏன் ஓடிவந்தோம் என்ற கதையை, எல்லோருக்கும் முன்னால் சொல்லிப் பார்க்க வேண்டும். நாங்கள் பிழை திருத்துவோம். ஒருவரும் சட்டம் படித்ததில்லை. ஆனால் எல்லோரும் நீதவான்கள்.

அண்ணை சொன்னார். ஆமி பிடித்தது. முகாமில் ஏழு மாதம். காலில் சங்கிலி. பேக்கரியில் இருந்து முகாமுக்குப் பாண் கொண்டுவரும் வான். சங்கிலி கழற்றிப் பாண் இறக்கவிட்ட ஒரு காலை. வெறும் சாக்குகளுக்குள் போய்ப் படுத்தது. வெளியே வந்தது.

யோகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தான்.

"அண்ணை, துணியை இறக்கிப்போட்டுப் பாணை ஏத்தியிருக்கிறியள்!"

"இல்லையடா, மெய்யாத்தான்."

"இன்ஸ்பெக்டர் எங்கை? மோட்டார் சைக்கிளையும் சொல்லுங்கோவன்!"

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணி வரும்வரை.

பிறகு யோசித்துச் சொன்னோம். "உதை அங்கை சொல்லாதேங்கோ. விசாரிக்கிறவன் இந்த நாட்டுக்காரன். அந்தப் படம் பாத்திருப்பான். கள்ளக் கேஸ் எண்டு உடனை திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அண்ணை எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் என்னத்தைச் சொல்ல?"

யோகன் தன் கேஸைக் கொடுத்தான். சுற்றிவளைப்பில் பிடிபட்டது, நாலு நாள், விடுதலை. சின்னக் கேஸ், சிக்கல் இல்லாதது. அண்ணை ஒரு கிழமை இருந்து பாடமாக்கினார்.

விசாரணை கீழே நொஷாத்தல் நகரத்தில், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு. நான் வாசலில் காத்திருந்தேன். திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார். அன்றைக்கு ஒரு குரலையும் மாற்றிப் பேசவில்லை.

"எங்கை போகேக்கை பிடிச்சவங்கள் எண்டு கேட்டான், தம்பி. ஏ-லெவல் சோதினைக்குப் போகேக்கை எண்டு சொல்லிப்போட்டன்."

யோகனின் கேஸில் அப்படித்தான் இருந்தது. யோகனுக்கு இருபது வயது.

"பேந்து?"

"என்ரை வயசைப் பாத்தான். கடுதாசியைப் பாத்தான். எத்தினையாம் தரம் எடுத்தனீங்கள் எண்டு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"நாலாந்தரம் எண்டு சொன்னன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் நெகட்டிவ் வந்தது. நாட்டை விட்டுப் போக வேண்டும். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அண்ணை பெட்டியை அடுக்கத் தொடங்கினார்.

அந்தக் கிழமை ஒரு பகல் குளியலறையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எப்போதும் காலுறையோடு திரிகிற மனிதர். அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு கணுக்காலையும் சுற்றித் தழும்பு. தோல் கறுத்து, வழவழப்பாக.

"இதென்ன அண்ணை?"

"சங்கிலி."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. துவாயை எடுத்துக் காலைத் துடைத்தார்.

நான் கீழே போய் எல்லோரையும் கூப்பிட்டேன். யோகன் பார்த்தான். அவன் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

மதாமிடம் போனோம். பத்துப் பேரும். நகரத்தில் கொஞ்சம் பிரெஞ்சு படித்த ஒரு தமிழரைப் பிடித்துக்கொண்டு போனோம். நடந்ததை எல்லாம் சொன்னோம். படத்தால் பயந்து உண்மையை மறைக்கச் சொன்னது நாங்கள்தான் என்றும் சொன்னோம். அவள் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். அந்தத் தமிழர் மொழிபெயர்த்தார்:

"அந்தப் படத்தை ஆர் பாத்தது எண்டு கேக்கிறா. ஒரு கிழமைகூட ஓடாத படமாம். தன்ரை புருசனும் நீங்களும்தான் பாத்திருப்பியளாம்."

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கோட்டை மாட்டினாள். அண்ணையை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். தழும்பைப் பற்றி அவர் கடிதம் எழுதினார். ஒரு வழக்கறிஞர் பெண் மேல்முறையீடு எழுதினாள். முப்பது நாளில் இரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது.

திரும்ப விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போகமுதல் அண்ணை என்னைக் கேட்டார்.

"தம்பி, எப்பிடிச் சொல்ல?"

"நடந்ததை மட்டும் சொல்லுங்கோ அண்ணை. வசனம் வேண்டாம்."

"அது மூண்டு நிமிசத்தில முடிஞ்சிடுமே."

"முடியட்டும்."

மூன்று மணித்தியாலம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் தண்ணி கேட்டார்.

பிறகு கோடை வந்தது. போனது. அண்ணை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தார். ஆனால் வாய் அசையவில்லை. யோகன் ஒரு நாள் மெல்லக் கேட்டான்: "அண்ணை, உந்த மனிசி என்ன சொல்லுது?" அண்ணை, "தெரியாதடா," என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கடிதம் ஒரு மத்தியானம் வந்தது. சோறு வடித்து வைத்திருந்தோம். மதாம் நின்றபடியே உடைத்து வாசித்தாள். இரண்டாவது தாளுக்குப் போகமுதலே அழத் தொடங்கினாள். நாங்கள் பயந்துவிட்டோம். அவள் கண்ணைத் துடைத்து, அண்ணையைக் காட்டி, நிலத்தைக் காட்டினாள். இங்கே. இருக்கலாம்.

யோகன் மேசையில் ஏறினான். சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அண்ணை கடிதத்தை வாங்கி மடித்தார். கதிரையில் இருந்தார். சுவரில் தலையைச் சாய்த்தார். நித்திரையாகிவிட்டார். வாய் திறந்தபடி, சின்னக் குறட்டையோடு.

யோகன் மெல்ல இறங்கினான். சப்பாத்தைக் கழற்றினான். எல்லோரும் கழற்றினோம்.

சோறு ஆறியது. ஒருவரும் அவரை எழுப்பவில்லை. அவரை விட்டுவிட்டு ஒருவரும் சாப்பிடவும் இல்லை.